ஒரு பொருளை ஏன் வாங்குகிறோம்? நுகர்வு மானிடவியலர் செய்யும் வேலை

தருமபுரி மாவட்டத்து நியாயவிலைக் கடைகளில் 2023ஆம் ஆண்டில் ஒரு சிறிய மாற்றம் வந்தது. குடும்ப அட்டைக்குரிய அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்னும் திட்டம் நீலகிரியிலும் தருமபுரியிலும் முதலில் தொடங்கப்பட்டது. எத்தனை அட்டைதாரர்கள் கேழ்வரகு வாங்கினார்கள் என்பதைக் கடையின் விற்பனைப் பதிவு சொல்லிவிடும். அந்தக் கேழ்வரகு வீட்டுக்குப் போன பிறகு யார் அதை அரைத்தார், யார் களி கிண்டினார், யார் விரும்பி உண்டார், யார் தட்டைத் தள்ளி வைத்தார், எந்த வீட்டில் அது ஆட்டுக்கும் கோழிக்கும் போனது என்பதை அந்தப் பதிவு சொல்லாது.

எங்கள் பக்கத்து முதியவர்களிடம் களியைப் பற்றிக் கேட்டால், அவர்கள் இளமையில் அன்றாடம் களியே உணவு என்றும், நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது என்றும் சொல்வார்கள். அரிசி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், களி உண்பது வசதியின்மையின் அடையாளமாகப் பல வீடுகளில் எண்ணப்பட்டது. விருந்தாளி வரும் நேரத்தில் களிச்சட்டியை மறைத்து வைத்த வீடுகள் உண்டு. அதே கேழ்வரகு இன்று பெங்களூரின் பெரிய கடைகளில் அழகிய பைகளில் அடைக்கப்பட்டு உடல்நலத்துக்கான உணவாக விற்கிறது. ஒரே வீட்டில், சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொன்னார் என்று பாட்டி களி உண்கிறார், பழக்கத்தினால் அப்பா உண்கிறார், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்த மகள் அது நாகரிகமான உணவு என்று கேட்டு வாங்கி உண்கிறாள். தானியம் ஒன்றாக இருந்தும் அதன் பொருள் மூவருக்கும் வேறாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை மக்களுடன் இருந்து கண்டறிந்து, அதைப் பிறர் புரிந்துகொள்ளும்படி எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவரே நுகர்வு மானிடவியலர்.

மானிடவியல் என்பது மனிதரை முழுமையாக ஆராயும் துறை. உடலின் பரிணாமத்தை ஆராயும் கிளை, மண்ணில் புதைந்த தடயங்களை ஆராயும் தொல்லியல் கிளை, மொழியை ஆராயும் கிளை ஆகியவற்றோடு, மனிதர் கூடி வாழும் முறையை ஆராயும் பண்பாட்டு மானிடவியல் என்னும் கிளையும் அதில் உண்டு. நம் கட்டுரைக்கு வேண்டியது இந்தக் கடைசிக் கிளை மட்டுமே. பண்பாடு என்றவுடன் கோயில், கூத்து, கோலம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. மானிடவியலர் அச்சொல்லை இன்னும் விரிந்த பொருளில் ஆள்கிறார். இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்ட் டைலர் 1871இல் வகுத்த வரையறைப்படி, அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என மனிதர் ஒரு சமூகத்தின் உறுப்பினராக இருந்து கற்றுக்கொள்ளும் அனைத்தும் பண்பாடு. ‘கற்றுக்கொள்ளும்’ என்பதுதான் அதில் முக்கியமான சொல். பசி பிறவியிலேயே வருகிறது. எதை உணவாகக் கருதுவது, யார் முதலில் உண்பது, எந்தத் தட்டில் யாருக்குப் பரிமாறுவது, மிச்சத்தை என்ன செய்வது என்பவை கற்றுக்கொண்டு வருபவை. கடையில் நாம் கை நீட்டி எடுக்கும் ஒவ்வொரு பொருளிலும் இப்படிக் கற்றுக்கொண்டது ஏதோ ஒன்று இருக்கிறது.

இந்த ஆய்வின் வேலை முறையைப் புரிந்துகொள்ள, அது எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று அறிய வேண்டும். போலந்து நாட்டில் பிறந்த பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர் மூண்ட 1914இல் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அடுத்த ஆண்டுகளில் அவர் நியூகினிக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளுக்குச் சென்று, இரு கட்டங்களாக ஏறத்தாழ 2 ஆண்டுகள் அங்கே தங்கினார். அதற்கு முன்னும் வெளியூர் மக்களைப் பற்றி எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் பயணிகளும் பாதிரிமாரும் அதிகாரிகளும் சொன்னதைக் கேட்டு எழுதியவர்கள். மாலினோவ்ஸ்கி ஊர் நடுவே கூடாரம் அடித்துத் தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, காலையில் அவர்கள் விழிக்கும்போது விழித்து, சண்டையையும் சமையலையும் சாவையும் அருகிலிருந்து பார்த்தார். பங்கேற்று உற்றுநோக்கல் என்று இந்த முறைக்குப் பெயர். இன்றும் மானிடவியலரின் கையில் இருக்கும் முதன்மையான கருவி இதுதான்.

அங்கே அவர் கண்ட ‘குலா’ என்னும் பரிமாற்றம் நுகர்வு ஆய்வுக்கு இன்றும் அடித்தளமாக இருக்கிறது. சிவப்புச் சிப்பியால் ஆன கழுத்தணிகள் தீவுக்குத் தீவு வலமாகவும், வெண்சிப்பியால் ஆன கைவளைகள் இடமாகவும் கைமாறிக்கொண்டே சென்றன. ஒருவர் அவற்றை வாங்கிச் சில காலம் வைத்திருந்து, கடல் கடந்து சென்று அடுத்தவருக்கு அளித்துவிட வேண்டும். அன்றாட வாழ்வுக்குப் பயன்படாத அந்த அணிகளுக்காக உயிரைப் பணயம் வைத்துப் படகேறியது ஏன் என்ற வினாவுக்கு, அந்த அணிகள் மனிதரையும் மனிதரையும் கட்டி வைத்தன, புகழைச் சுமந்தன என்று அவர் 1922இல் விடை எழுதினார். பிரான்சைச் சேர்ந்த மார்செல் மோஸ் சில ஆண்டுகள் கழித்து இதை மேலும் விரித்தார். கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பித் தருவது ஆகிய மூன்றும் கடமைகள் என்பதும், இவற்றில் ஒன்றை மறுப்பவர் உறவையே மறுக்கிறார் என்பதும் அவர் முடிவு.

தகடூர் என்று முன்பு பெயர் பெற்ற தருமபுரியில் பிறந்து வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்ததையும், அதற்கு ஔவை அவனை வாழ்த்திப் பாடியதையும் புறநானூற்றின் 91ஆம் பாடல் சொல்கிறது. கொடை பாட்டாகத் திரும்பி வந்தது. நம் வீடுகளில் இருக்கும் மொய் நோட்டு இதைவிடத் தெளிவான சான்று. யார் எந்த விசேஷத்துக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று பல ஆண்டுகளாகக் காத்து வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும் முன் எடுத்துப் பார்த்து, வாங்கியதற்குக் குறையாமல் சற்றுக் கூட்டி எழுதுகிறோம். அதே அளவைத் திருப்பி எழுதினால் கணக்கு முடிந்துபோகிறது. கூட்டி எழுதும்போது உறவு அடுத்த விசேஷத்துக்குத் தொடர்கிறது. ஒரு குடும்பத்தின் மொய் நோட்டைப் படிக்க அனுமதி கிடைத்த ஆய்வாளருக்கு, எந்த வினாப்பட்டியலும் தராத அளவுக்கு அந்தக் குடும்பத்தின் உறவு வரைபடம் கிடைத்துவிடும்.

வெளியூர்த் தீவுகளில் தொடங்கிய இந்த முறை தொழிற்சாலைக்கும் கடைக்கும் வந்த வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகே ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளில், தொழிலாளர் குழுவை உற்றுநோக்கும் கட்டத்தை வகுக்க மானிடவியலர் லாயிட் வார்னர் ஆலோசனை அளித்தார். 1980களில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் லூசி சச்மன் செய்த வேலை பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. புதிய நகல் இயந்திரம் ஒன்றை இயக்க முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். சச்மன் அந்த இயந்திரத்தின் முன் ஆட்களை நிறுத்தி, அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு தடுமாறுவதைப் படம் பிடித்தார். அப்படித் தடுமாறியவர்களில் பெயர்பெற்ற கணினி அறிஞர்களும் இருந்தார்கள். குறை பயன்படுத்துவோரின் அறிவில் இல்லை. வேலை எப்படி நடக்கும் என்று இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் எண்ணியிருந்த வரிசைக்கும், மனிதர் சூழலைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் முறைக்கும் நடுவே இடைவெளி இருந்தது என்று அவர் காட்டினார். 1998இல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்த ஆஸ்திரேலிய மானிடவியலர் ஜெனிவீவ் பெல், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் வீடுகளுக்குள் சென்று, கணினியும் கைப்பேசியும் அங்கே எங்கு வைக்கப்படுகின்றன, யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதை ஆராய்ந்தார்.

இவர்களுள் இங்கிலாந்தின் மானிடவியலர் டேனியல் மில்லரைத் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டனின் வடபகுதியில் ஒரு தெருவின் குடும்பங்களோடு அவர் ஓராண்டு கடைக்குப் போய் வந்தார். கடைக்குப் போவது ஆசையையும் ஆடம்பரத்தையும் தீர்த்துக்கொள்ளும் செயல் என்று பொதுவாகப் பேசப்படுகிறது. அவர் கண்டது வேறு. பெரும்பாலான நேரம் வாங்குபவர், குறிப்பாகப் பெண்கள், வீட்டிலுள்ள இன்னொருவரை மனத்தில் வைத்தே வாங்கினார்கள்: கணவருக்கு எது உடம்புக்கு நல்லது, பிள்ளை எதை மறுக்காமல் உண்பான், எதில் மிச்சம் பிடிக்கலாம். 1998இல் அவர் எழுதிய நூல் கடைக்குப் போவதை அன்பின் வெளிப்பாடாக வாதிடுகிறது. இந்தத் துறையின் எழுத்துகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது அந்தக் கருத்துதான். சந்தையில் தக்காளியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும் தாயின் விரல்களை அதற்குப் பிறகு நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டின் வழியே காணலாம். பற்பசை செய்யும் ஒரு நிறுவனம், வெண்மை தரும் என்று சொல்லி விற்கும் தன் பற்பசை தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் முதலில் நன்றாக விற்றுப் பிறகு விழுந்துவிட்டது ஏன் என்று அறிய விரும்புவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான சந்தை ஆய்வில், சில நூறு பேரிடம் வினாப்பட்டியலோடு சென்று, விலை அதிகமா, சுவை பிடிக்கவில்லையா, விளம்பரம் பார்த்தீர்களா என்று கேட்டு விழுக்காடு போடுவார்கள். அதற்கும் பயன் உண்டு. எத்தனை பேர் என்ற வினாவுக்கு அதுவே சரியான வழி. ஏன் என்ற வினாவுக்கு அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று விடையாக இருந்தால், பட்டியலால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மானிடவியலர் ஓர் ஊரில் சில வாரங்கள் தங்குகிறார். முதல் நாட்களில் அவர் பற்பசையைப் பற்றிப் பேசுவதே இல்லை. காலையில் வாசலில் சாணம் தெளிப்பதில் தொடங்கி, தண்ணீர் வரும் நேரம், குடம் வைக்கும் வரிசை, பல் விளக்கும் இடம், யார் குச்சியால் விளக்குகிறார், யார் பொடியால் விளக்குகிறார், ஒரு பசைக்குழாய் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வருகிறது, முடிந்த குழாயைக் கத்தரியால் வெட்டி எப்படி வழித்தெடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு வாரம் கழித்து, வயதுக்கு வந்த பெண் ஒருத்தி சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்வதை அவர் கவனிக்கிறார். பிறகு அதே செய்கையை வேறு வீடுகளிலும் காண்கிறார். அவள் தாயிடம், “அக்கா, பாப்பா ஏன் போட்டோவுக்குச் சிரிக்க மாட்டேங்குது?” என்று கேட்டபோதுதான், “பல்லுல கறை இருக்குதுங்க, பொண்ணு பாக்க வர்றவங்க என்ன சொல்லுவாங்களோன்னு இருக்குது” என்று பேச்சு விரிகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரைக் குடித்து வளரும் குழந்தைகளுக்கு, பல்லின் மேற்பூச்சு ஈறுக்குள் உருவாகும் பருவத்திலேயே கறை பதிந்துவிடுகிறது. அளவும் ஆண்டுகளும் கூடினால் எலும்பும் பாதிக்கப்படும். இதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பல்லோடு பல்லாக உருவான கறையைத் தேய்த்து எடுக்க முடியாது. ஆகவே, மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய தாய் நம்பிக்கையோடு அந்தப் பசையை வாங்கி, 2 மாதம் தேய்க்கச் சொல்லி, கறை போகாததைக் கண்டு நிறுத்திவிட்டிருக்கலாம். வினாப்பட்டியலில் அவர் ‘விலை அதிகம்’ என்ற கட்டத்தில் குறி போட்டிருப்பார். முன்பின் தெரியாதவரிடம் மகளின் பல்லைப் பற்றிப் பேச அவருக்கு மனம் வந்திருக்காது. மானிடவியலரின் அறிக்கை விலையைக் குறைக்கச் சொல்லாது. கறையை நீக்கும் என்று இங்கே சொல்வது பொய் வாக்குறுதியாகிறது என்றும், குழந்தைகள் குடிக்கும் நீர்தான் சிக்கலின் வேர் என்றும் எழுதும்.

சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இந்த இடைவெளியை அறிவதே களப்பணியின் பெரும்பகுதி. மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கேட்பவர் யார், எந்த நேரத்தில் கேட்கிறார், பக்கத்தில் மாமியார் நிற்கிறாரா என்பதைப் பொறுத்து எல்லோருமே பேச்சை அமைத்துக்கொள்கிறோம். வேறொன்றும் உண்டு: நாம் செய்யும் பலவற்றுக்குக் காரணம் நமக்கே தெரியாது. “மாசம் எத்தனை குளிர்பானம் வாங்குவீங்க?” என்று கேட்டால், “நாங்க அதெல்லாம் குடிக்கிறதில்லைங்க” என்று ஒரு வீட்டில் விடை வரும். அது உண்மையும்கூட. ஆனால் வெயிலில் ஒரு விருந்தாளி வந்து திண்ணையில் உட்கார்ந்தவுடன், பையனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து, “போய்க் கலர் வாங்கிட்டு வா கண்ணு” என்று அனுப்புவார்கள். மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டிலும், பெங்களூரா மாங்காயைக் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைக்கு வண்டி வண்டியாக அனுப்பும் வீட்டிலும், விருந்தாளிக்குக் கடையில் வாங்கிய பாட்டில்தான் வருகிறது. வீட்டில் விளைந்தது வீட்டாருக்கு, காசு கொடுத்து வாங்கியது வந்தவருக்கு என்னும் மரியாதை அதில் இருக்கிறது. வாங்குபவரும் குடிப்பவரும் வேறு வேறாக இருக்கும் இந்த உறவைத் தனி நபரின் விருப்பமாக மட்டும் கணக்கிட்டால் கணக்கு தவறிப்போகும்.

பார்ப்பதும் கேட்பதும் போலவே பொருள்களைப் படிப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி. ஒரு வீட்டின் அலமாரியில் பிரிக்காமல் இருக்கும் பெட்டி, அடுப்படியில் கரி ஏறிய பாத்திரம், கைபிடி தேய்ந்த அரிவாள்மனை ஆகியவை தத்தம் கதையைச் சொல்கின்றன. இதற்கு நான் அறிந்த மிகப் பழைய, மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் ஔவையிடமே இருக்கிறது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இங்குள்ள கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன, அங்கே எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று புறநானூற்றின் 95ஆம் பாடலில் அவர் சொல்கிறார். பொருளின் தேய்மானத்தை வைத்து அதை வைத்திருப்பவரின் வாழ்க்கையை அவர் படித்துவிட்டார்.

மானிடவியலர் அர்ஜுன் அப்பாதுரை 1986இல் தொகுத்த கட்டுரைத் தொகுப்பு ஒன்று, பொருள்களுக்கும் சமூக வாழ்க்கை உண்டு என்ற கருத்தை முன்வைத்தது. அதில் இகோர் கோபிட்டோஃப், ஒரு பொருளுக்கும் மனிதரைப் போல வாழ்க்கை வரலாறு எழுதலாம் என்றார். ஒரு சேலையைக் கொண்டு இதை எளிதில் விளக்கலாம். தாய்மாமன் சீராக வந்த சேலை சில ஆண்டுகள் விசேஷத்துக்கு மட்டும் எடுக்கப்படுகிறது. பிறகு வீட்டில் உடுத்தப்படுகிறது. பேரன் பிறந்ததும் தூளியாகிறது. கிழிந்த பகுதி தலையணை உறையாகிறது. மீதியைக் கொடுத்துத் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் எவர்சில்வர் கிண்ணம் வாங்கப்படுகிறது. கடைக்காரரின் கணக்கில் அந்தச் சேலை விற்ற அன்றோடு முடிந்துவிட்டது. மானிடவியலரின் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.

களத்தில் பார்த்ததை அன்றன்று இரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால், கண்ட செய்தி போய், கண்டதைப் பற்றிய கருத்து மட்டும் மிஞ்சும். இந்தக் குறிப்புகள் எவ்வளவு விலைமதிப்பற்றவை என்பதற்கு நமக்கு அருகிலேயே ஒரு வரலாறு உண்டு. மைசூருக்கு அருகே ராம்புரா என்று அவர் பெயரிட்டு எழுதிய சிற்றூரில் இந்திய மானிடவியலர் எம். என். சீனிவாஸ் 1948இல் களப்பணி செய்தார். பல ஆண்டுகள் வகைப்படுத்தி வைத்திருந்த அவருடைய குறிப்புகள் 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தீ வைப்பு ஒன்றில் எரிந்துபோயின. நினைவிலிருந்தே அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. நினைவிலிருந்து ஓர் ஊரையே எழுதும் அளவுக்கு அவர் அங்கே வாழ்ந்திருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

களத்திலிருந்து திரும்பிய பிறகு குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்து, மீண்டும் மீண்டும் வரும் செய்கைகளையும் சொற்களையும் அடையாளமிட்டு, அவற்றின் அடியில் ஓடும் பொருளைத் தேடுகிறார்கள். பிறகு அதை அறிக்கையாகவும் படங்களாகவும் நிறுவனத்தின் வடிவமைப்பாளர், விற்பனையாளர் முன் வைத்து வாதிட வேண்டும். பல்கலைக்கழக ஆய்வில் ஓராண்டு கிடைக்கும் இடத்தில், நிறுவன வேலையில் 2 அல்லது 3 வாரங்களே பெரும்பாலும் கிடைக்கின்றன. இது இத்தொழிலின் உண்மையான குறை என்றே நான் கருதுகிறேன். அவசரத்தில் பார்த்தவர் தான் ஏற்கெனவே நினைத்திருந்ததையே பார்த்துவிட்டு வருவார்.

இந்தத் தொழிலுக்குப் போக விரும்புவோருக்கு வழிகள் பல. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் துறை உண்டு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை களப்பணியில் நல்ல பயிற்சி தருவது. 1945இல் நிறுவப்பட்ட இந்திய மானிடவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையம் மைசூருவில் இருக்கிறது. சமூகவியல், தமிழ், உளவியல் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. சந்தை ஆய்வு நிறுவனங்கள், கைப்பேசிச் செயலிகளை வடிவமைக்கும் குழுக்கள், வங்கிகள், மருத்துவத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை இவர்களைப் பணியில் அமர்த்துகின்றன; வேலையின் பெயர் பல இடங்களில் ‘பயனர் ஆய்வாளர்’ என்றே இருக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் தெருக்களில் வளர்கிறார்கள். ஒரே பொருளுக்கு மூன்று மொழியில் மூன்று பெயர் இருப்பதையும், ஒரு வீட்டில் கேட்கத் தகும் கேள்வி அடுத்த வீட்டில் தகாது என்பதையும் படிக்காமலேயே அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவுக்கு இத்தொழிலில் மதிப்பு உண்டு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சொந்த ஊரை ஆராய்வதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. பழகிய கண்ணுக்கு எதுவும் வினாவாகத் தோன்றாது. வாசலில் செருப்பை எந்தப் பக்கம் விடுகிறோம், கடைக்காரர் சிலருக்கு மட்டும் நோட்டில் கடன் எழுதிச் சிலரிடம் ரொக்கம் கேட்பது ஏன், சிலருக்குக் குவளையிலும் சிலருக்குக் காகிதக் கோப்பையிலும் தேநீர் தருவது ஏன் என்பவை வெளியாளுக்கு முதல் நாளே உறுத்தும். ஊர்க்காரருக்கு அவை காற்றைப் போல. சாதி கடைத்தெருவில் எப்படி நடமாடுகிறது என்பதைப் பார்க்க மறுக்கும் நுகர்வு ஆய்வு நம் நாட்டில் அரைகுறையாகவே முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

அறநெறி பற்றிய பகுதியைச் சிலர் கடைசியில் ஒரு பத்தியாகக் கடந்துவிடுகிறார்கள். அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். மானிடவியலின் பழைய ஏடுகள் எல்லாம் பெருமைக்குரியவை அல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கருவிகளால் மக்களின் மூக்கையும் தலையையும் அளந்தார். 1909இல் அவர் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் ஆட்சியாளரின் பார்வையில் எழுதப்பட்டது. அளக்கப்பட்டவர்களிடம் விருப்பம் கேட்கப்பட்டதா என்ற வினாவுக்கு அன்று இடமில்லை. இன்று அது முதல் வினா. யாருக்காக வந்திருக்கிறேன், யார் பணம் கொடுக்கிறார்கள், சொன்னவை எங்கே போகும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதை வீட்டாருக்குப் புரியும் தமிழில் முதலிலேயே சொல்ல வேண்டும். பெயர்களை மாற்ற வேண்டும். தேவைப்பட்டால் ஊரின் பெயரையும். சென்னைக்கு அருகே கிராமங்களும் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அடுத்தடுத்து இருக்கும் பகுதியில் சமூக ஊடகப் பயன்பாட்டை ஆராய்ந்து 2017இல் நூல் வெளியிட்ட ஸ்ரீராம் வெங்கட்ராமன், அப்பகுதிக்குப் ‘பஞ்சகிராமி’ என்று புனைபெயர் இட்டே எழுதினார்.

இதைவிடக் கடினமான வினா ஒன்று எஞ்சுகிறது. திண்ணையில் இடம் கொடுத்து, மகளின் பல்லைப் பற்றிய வேதனையைச் சொன்ன தாயின் பேச்சு, அவரிடமே இன்னொரு வீண் பொருளை விற்கப் பயன்படலாம். அந்த வேலையை மறுக்கும் துணிவு ஆய்வாளருக்கு வேண்டும். மறுக்க முடியாத இடத்திலும், அறிந்ததில் அவர்களுக்குப் பயன்படுவதை அவர்களிடமே திருப்பிச் சொல்லிவிட்டு வரலாம். பற்பசை எடுத்துக்காட்டில், கறை எதனால் வருகிறது என்பதையும், வளரும் பிள்ளைகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீருக்கு மாறாகக் காவிரி நீரைக் கொடுப்பதன் தேவையையும். மோஸ் சொன்ன திருப்பித் தரும் கடமை ஆய்வாளருக்கும் உண்டு.

பயிற்சியைத் தொடங்கப் பட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி வாரச்சந்தைக்கோ, வெள்ளிக்கிழமை ஆடுகள் வந்து குவியும் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கோ ஒரு 40 பக்க நோட்டோடு சென்று, ஒரே கடையின் அருகே அனுமதி கேட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் கருத்து எதுவும் எழுதாமல், கண்டதை மட்டும் எழுதுங்கள்: யார் வந்தார், யாரோடு வந்தார், எதைத் தொட்டுப் பார்த்தார், எவ்வளவு கேட்டார், பணம் யார் மடியிலிருந்து வந்தது, வாங்காமல் போனவர் திரும்பி வந்தாரா. புளி வாங்குபவர் கொட்டையை நசுக்கிப் பார்க்கிறாரா, நிறத்தைப் பார்க்கிறாரா, விற்பவரின் ஊரைக் கேட்கிறாரா என்று பாருங்கள். பொழுது சாய்ந்து, தார்ப்பாயை மடிக்கத் தொடங்கும் நேரத்தில் விலை இறங்கும். அதுவரை சந்தையின் ஓரத்தில் காத்திருந்தவர்கள் அப்போதுதான் பையை விரித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அவர்கள் வரும் வரை எழுந்துவிடாதீர்கள்.